முதல் தோசை யாருக்கு?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டில் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை. அடுப்பில் தோசைக்கல் ஏறியதும், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நில்லுங்கள். முதல் தோசை எப்படி வருகிறது, அது யார் தட்டுக்குப் போகிறது... இந்த இரண்டை மட்டும் கவனியுங்கள்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான். இழுத்துக்கொண்டு, பிய்ந்து, நடுவில் வெள்ளையும் ஓரத்தில் கருப்புமாக வரும். இரண்டாவது கேள்விக்கும் பல வீடுகளில் ஒரே விடைதான் என்பதுதான் இந்த வாரத்து விஷயம். நான்-ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். உங்களிடமும் வருகிறேன்.

முதல் தோசை ஏன் கெடுகிறது? ஒன்றும் மாயமில்லை. வார்ப்பு இரும்பு சோம்பேறி. அலுமினியம் மாதிரி சட்டென்று சூட்டை எல்லாப் பக்கமும் கடத்தாது. நடுவில் தீ எரிகிற இடம் கொதிக்கும்போது ஓரம் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். எண்ணெயும் சமமாகப் பரவியிருக்காது. அந்த நேரத்தில் நாம் அவசரப்பட்டு மாவை ஊற்றுகிறோம். ஆனால் ஒரு தடவை சூடேறிவிட்டால் இரும்பு லேசில் விடாது. அடுத்து ஊற்றுகிற மாவையெல்லாம் ஒரே சீராகப் பொன்னிறமாக்கிக் கொடுக்கும். ஆக, முதல் தோசை என்பது கல் தயாராவதற்கு நாம் கட்டுகிற கட்டணம். ரஷ்யர்கள்கூட, 'முதல் அப்பம் கட்டிதட்டித்தான் வரும்' என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊற்றுவது தோசை இல்லை, 'பிளினி' என்கிற மெல்லிய அப்பம். மாவு வேறு, ஊர் வேறு. தொடக்கத்தின் தலையெழுத்து மட்டும் ஒன்று.

கட்டணம் இருக்கட்டும். அதை யார் கட்டுகிறார்கள்?

எங்கள் வீட்டில் அம்மா கட்டினார். நான், அண்ணன், அப்பா மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதல் தோசை கல்லிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டு, அடுப்புத் திண்டின் ஓரத்தில் ஒரு கிண்ணியில் ஒதுங்கும். இரண்டாவது அப்பாவுக்கு. பிறகு எங்களுக்கு, முறுகலாக, சுடச்சுட. எல்லோரும் கை கழுவிய பிறகு அந்தக் கிண்ணியை எடுத்து, சட்னிப் பாத்திரத்தை வழித்து, நின்றுகொண்டே சாப்பிடுவார். "ஏம்மா ஆறிப்போனதைத் திங்கற? வேற ஊத்திக்கயேன்" என்று நான் ஒருநாள் கேட்டேன். "எனக்கு இதுதாம்ப்பா பிடிக்கும்" என்றார். நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

அம்மா போய் 11 வருஷம் ஆகிறது. அந்தக் கல் இப்போது என் வீட்டில். அதைப் பார்க்கும்போதெல்லாம், 'பாவம் அம்மா, காலம் பூரா முதல் தோசையையே தின்னாள்' என்று மனசு கனக்கும். இரண்டு மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். 'நான் எவ்வளவு நல்லவன்' என்ற ஒரு சின்னத் திருப்தியும் அதில் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

போன மாதம் என் மனைவி, அக்கா மகள் வளைகாப்புக்காக நாலு நாள் மதுரைக்குப் போனாள். காலேஜ் போகிற மகளும் நானும் மட்டும். கடை மாவு வாங்கி முதல் நாள் ஒப்பேற்றிவிட்டேன். அன்று ராத்திரி எனக்கு ஓர் உற்சாகம் வந்தது. 'கல் ஏன் இப்படிக் கன்னங்கரேலென்று அழுக்கேறிக் கிடக்கிறது, அவள் வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவிடுவோம்' என்று சோப்புத்தூளில் ஊறவைத்து, கம்பி நாரால் அரைமணி நேரம் தேய்த்தேன். கருப்பெல்லாம் போய், சாம்பல் நிறத்தில் புதுசாக ஒரு கல் வந்தது. பெருமையோடு அப்படியே ஈரமாகக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் கல் பூரா ஆரஞ்சு நிறத்தில் துரு! அதைத் துடைத்துவிட்டு ஊற்றிய தோசை, கல்லைவிட்டு வரமாட்டேன் என்று சத்தியம் செய்தது. தோசைத் திருப்பியால் கொத்திக் கொத்தி எடுத்ததற்கு உப்புமா என்று பெயர் வைத்தாள் மகள்.

அப்போது வேலைக்கு வந்த அம்மா கல்லைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க... அது அழுக்கு இல்ல சார். பழக்கம்."

நான் அழுக்கு என்று நினைத்ததற்கு அவர் சொன்ன பெயரைப் பாருங்கள். பழக்கம்!

அறிவியலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. இரும்பின் மேல் மெல்லிசாக எண்ணெய் தடவிப் புகைகிற அளவுக்குக் காய்ச்சினால், எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, கெட்டியான ஒரு படலமாக மாறிவிடும். பாலிமர் என்பார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இரும்போடு ஒட்டிக்கொண்ட ஒரு தோல். அது துருவைத் தடுக்கும். மாவை ஒட்டவிடாது. ஒரே நாளில் பட்டையாகத் தடவினால் பிசுபிசுவென்று நிற்கும், பலிக்காது. மெல்லிசாக, திரும்பத் திரும்ப, நாள் கணக்கில் ஏற்ற வேண்டும். அம்மா 40 வருஷமாக ஏற்றி வைத்ததைத்தான் நான் அரைமணி நேரத்தில் சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

"கவலப்படாதீங்க சார், திரும்பவும் பழக்கிரலாம்" என்றார் அந்த அம்மா. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துத் துருவை எடுத்தார். கழுவி, துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்தார். நல்லெண்ணெயைத் துணியால் தொட்டு, தடவினது தெரியாத அளவுக்குத் தடவினார். புகையவிட்டார். ஆறவிட்டார். மறுபடி தடவினார். "சாயந்தரம் இதே மாதிரி ரெண்டு வாட்டி பண்ணுங்க. அப்பறம் வெங்காயத்தைப் போட்டு நல்லா வதக்கிக் கொட்டிருங்க. இதுல சப்பாத்தி கிப்பாத்தி போட்றாதீங்க" என்றார்.

மறுநாள் முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது, பாதி. நாலாவதுதான் தோசை என்று சொல்லத்தக்க உருவத்தில் வந்தது. அதை மகள் தட்டில் போட்டேன். பிய்ந்த மூன்றும் என் பக்கத்தில் ஒரு கிண்ணியில் ஆறிக்கொண்டிருந்தன. அவள் கிளம்பிப் போனபிறகு, நின்றுகொண்டே அதைச் சாப்பிட்டேன். அந்த ருசியைச் சொல்லட்டுமா? ஒரு பக்கம் மாவு. ஒரு பக்கம் கரி. ஆறினால் ரப்பர். இது யாருக்கும் பிடிக்காது. அம்மாவுக்கும் பிடித்திருக்காது.

கண் கலங்குகிற மாதிரி இருந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "எங்கம்மா காலம் பூரா இதைத்தான்மா சாப்பிட்டாங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இத்தினி வருஷமா அக்காவும் அதானே சார் துன்னுது" என்றார்.

எந்த அக்கா? என் மனைவி.

24 வருஷம். அதே கல். அதே கிண்ணி. நான் பார்த்ததே இல்லை. பார்த்தேன், கவனித்ததில்லை என்பதுதான் உண்மை. செத்துப்போன அம்மாவின் முதல் தோசைக்காக மேடையில் உருகிய மனிதனுக்கு, பத்தடி தள்ளி உயிரோடு நிற்கிறவளின் முதல் தோசை கண்ணில் படவில்லை.

ஏன் படவில்லை? இதை யோசித்தபோதுதான் அரிஸ்டாட்டில் ஞாபகத்துக்கு வந்தார். பயந்துவிடாதீர்கள், ஒரு பாராதான். சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த அந்தக் கிரேக்கர், 'நிக்கோமாக்கியன் எதிக்ஸ்' நூலில், நற்குணம் பிறவியிலேயே வருவதில்லை, செய்து செய்து பழகித்தான் வருகிறது என்கிறார். அறத்தைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லே, பழக்கம் என்று பொருள்படும் 'எதோஸ்' என்ற சொல்லிலிருந்து லேசாக மாறி வந்தது என்பது அவர் கணக்கு. கூடவே ஓர் உதாரணமும் தருகிறார். ஒரு கல்லைப் பத்தாயிரம் தடவை மேலே எறிந்து பழக்கினாலும் அது மேலே போகப் பழகாது, கீழேதான் விழும். மனிதன் அப்படி இல்லை என்கிறார்.

அவர் தோசைக்கல்லைப் பார்த்ததில்லை. பெயரில் மட்டும் கல்லாக இருக்கிற இந்த இரும்பு நன்றாகவே பழகும். ஆனால் அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. அதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. நல்லது மட்டுமா பழக்கத்தில் வருகிறது? நியாயமில்லாததும் அதே வழியில்தான் வருகிறது. மெல்லிசாக, தடவினது தெரியாத அளவுக்கு, ஒவ்வொரு நாளும் ஒரு பூச்சு. கடைசியில் அது கெட்டியாகி வீட்டின் தோலாகவே ஆகிவிடுகிறது. அதன் பிறகு எதுவும் ஒட்டுவதில்லை. கேள்வி ஒட்டுவதில்லை. மனசாட்சி ஒட்டுவதில்லை. எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. நன்றாகப் பழகின கல் மாதிரியே நன்றாகப் பழகின கண்ணும்.

"இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா சார்? அது அன்பு. அம்மா பிள்ளைக்கு நல்லதைக் கொடுத்துட்டுக் கெட்டதை எடுத்துக்கறா. இதையும் கணக்குப் பார்த்தா குடும்பம் என்னாவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்பில் விட்டுக்கொடுப்பது உண்டு. அதை மறுத்தால் நான் மனிதனே இல்லை. ஆனால் அன்பையும் வழக்கத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இடம் மாற்றிப் பாருங்கள். ஒருநாள் அவர், "இன்னிக்கு முதல் தோசையை நீ சாப்பிடு" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? எல்லோரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டால், அங்கே இருப்பது அன்பு. முகங்கள் சுருங்கினால், 'என்னாச்சு இவளுக்கு' என்று ஒரு மௌனம் விழுந்தால், அங்கே இருந்தது அன்பு மட்டும் இல்லை. தருவதற்கும் மறுப்பதற்கும் உரிமை இருக்கிறவர் தருவதுதான் பரிசு. மறுக்க முடியாதவரிடமிருந்து வருவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

இதில் கொடுமையான ஒரு முரண் உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவிகிதத்துக்கும் மேல். காரணங்கள் பல. மாதவிலக்கு, பிரசவம், சாப்பாட்டில் சத்து போதாமை என்று டாக்டர்கள் அடுக்குவார்கள். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடுகிற வழக்கமும் அந்தப் பட்டியலில் எங்கோ ஒளிந்திருக்கிறது. ரத்தசோகைக்கு முக்கியமான காரணம் இரும்புச்சத்துக் குறைவு. தினமும் காலையில் இரும்புக்கு முன்னால் ஒரு மணிநேரம் நிற்கிறவளின் ரத்தத்தில் இரும்பு இல்லை!

இப்போது நான்-ஸ்டிக்காரர்களிடம் வருகிறேன். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுவைத் தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது, பிறகு டெஃப்லான் என்று பெயர் பெற்ற பொருள். 1954-ல் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் அதைச் சமையல் பாத்திரத்தில் பூசினார். மீன்பிடிக் கருவிகளுக்காக அதை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தவரிடம், 'என் பாத்திரத்துக்கும் பூசிக் கொடுங்களேன்' என்று யோசனை சொன்னது அவர் மனைவி கோலெட். ஒட்டுகிறதைச் சுரண்டிச் சுரண்டிக் கை நொந்தவருக்குத்தானே அது தோன்றும்!

உங்கள் கல்லில் முதல் தோசை பிய்யாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊற்றுகிறவர் எப்போது சாப்பிடுகிறார்? எல்லோரும் முடித்தபிறகு, மாவு மிஞ்சினால். கடைசித் தோசைக்குச் சட்னி இருக்கிறதா? முதல் தோசையின் பிரச்னையைத்தான் ரசாயனம் தீர்த்தது. வரிசையின் பிரச்னையைத் தீர்க்கவில்லை. அதை நாம்தான் தீர்க்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியிலும் முதல் தோசைகள் உண்டு. புதிதாக ஊசி போடப் பழகுகிறவருக்கு யாரோ கையை நீட்டியாக வேண்டும். புது டாக்டரின் முதல் தையல் யாரோ ஒருவர் உடம்பில்தான் விழுந்தாக வேண்டும். புது வாத்தியாரின் தடுமாற்றம் ஏதோ ஒரு வகுப்பின் மேல் இறங்கியாக வேண்டும். கல் பழக மாவு வேண்டும். தப்பில்லை. ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்பது யார் என்று பாருங்கள். காசு கொடுத்து அனுபவசாலியைத் தேடிப் போக முடியாதவர்கள். நமக்கு எப்போதும் ஐந்தாவது தோசை கிடைக்கிறதென்றால், முன்னால் நாலு பேர் எதையோ சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்கு என்ன செய்வது? முதல் தோசையே இல்லாத உலகத்தை உண்டாக்க முடியாது. கற்றுக்கொள்வது என்று ஒன்று இருக்கிறவரை பிய்ந்துபோவதும் இருக்கும். ஆனால் அது எப்போதும் ஒரே கிண்ணிக்குப் போக வேண்டியதில்லை. முறைபோட்டுக்கொள்ளலாம். பிய்த்துப் பங்கு வைக்கலாம். நாலு பேர் ஆளுக்கொரு வாய் தின்றால் முதல் தோசை அவ்வளவு கசக்காது.

இரும்புக் கல்லில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பூச்சு உரிந்த நான்-ஸ்டிக்கை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. தூக்கிப்போட வேண்டியதுதான். இரும்பை எவ்வளவு முட்டாள்தனமாகக் கெடுத்தாலும், துருவைத் தேய்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பழக்கலாம். பழக்கத்தைக் கழற்றவும் முடியும், புதிதாக ஏற்றவும் முடியும். கல்லுக்கு அது முடியுமென்றால் நமக்கும் முடிய வேண்டும்.

நாலாம் நாள் ராத்திரி மனைவி வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய்க் கல்லைப் பார்த்தாள். "என்னங்க இது?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, கிண்ணி, அரிஸ்டாட்டில் வரைக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு கல்லைக் கெடுத்ததுக்கு இவ்வளவு பெரிய லெக்சரா?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். முதல் தோசை வழக்கம்போலப் பிய்ந்தது. அதை மகளும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். மகள், "உவ்வே... இதையா தினமும் சாப்பிட்ட?" என்று அம்மாவைக் கேட்டாள். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தோசை நன்றாக வந்தது. சுடச்சுட அவள் தட்டில் போட்டுவிட்டுக் கல்லில் அடுத்த மாவை ஊற்றத் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தால், அவள் தட்டில் பாதித் தோசைதான் இருந்தது. மொறுமொறுவென்றிருந்த மறுபாதி மகள் தட்டுக்குப் போயிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"பழக்கம்" என்றாள்.

கல் பழக மூன்று நாள் ஆயிற்று. மனுஷங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் நிற்க மறந்துவிடாதீர்கள்.